எட்டாம் நம்பர் ஊசி எது?

குன்னூரில் ஏறி ஊட்டி போகும் மலை ரயிலில் அரவங்காட்டைத் தாண்டினால் கேத்தி. பெட்டியில் இருக்கிறவர்கள் பள்ளத்தாக்கைப் படமெடுக்கும் மும்முரத்தில் இருப்பார்கள். பல நாடுகளில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் கையில் இருக்கும் ‘போனி’ ஊசியின் ஊர் இது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! இங்கிலாந்தின் ஸ்டட்லியில் இருந்த ஊசிக் கம்பெனி ஒன்று 1949-இல் தன் துணை நிறுவனமாக இங்கே தொடங்கியதுதான் நீடில் இண்டஸ்ட்ரீஸ். சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் வேறு வகையில் பழக்கம். அதன் பங்குதாரர்களுக்குள் எழுந்த தகராறில் 1981-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு கம்பெனிச் சட்டப் பாடங்களில் தவறாமல் வருகிறது. ஒரு ஸ்வெட்டர் ஊசியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் ஊசிக் கம்பெனியை மனப்பாடம் செய்த வக்கீல்கள் நாட்டில் நிறையப் பேர்.

எனக்கு வேண்டியது ஒரு தொப்பி பின்னத் தேவையான ஊசி. ஊட்டியில் இறங்கி, மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் கம்பளி நூல் கடைக்குப் போனேன். மூன்று பேர் நின்றால் நான்காமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். கூரை வரை பிளாஸ்டிக் உறைக்குள் நூல் உருண்டைகள். கல்லாவில் இருந்த அக்கா, பேச்சுக் கொடுத்தபடியே மடியில் எதையோ பின்னிக்கொண்டிருந்தார். பேசும்போது கண் எங்கள் மேல். கை தன் பாட்டுக்கு ஓடியது.

“ஊசி வேணும்க்கா” என்றேன். நம்பர் கேட்பார் என்று நினைத்தேன். “என்ன பின்னப் போறீங்க?” என்று கேட்டார். தொப்பி என்றதும், “எந்த நூல்ல?” அதற்குப் பிறகும் ஊசியை எடுக்கவில்லை. பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த மூன்று பச்சைத் துண்டுகளைக் கழற்றி மேசையில் போட்டார். “மூணும் ஒரே நூல். தொட்டுப் பாருங்க.”

முதல் துண்டு அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. விரலால் குத்தினாலும் கண்ணி விலகவில்லை. இரண்டாவது, கடையில் வாங்கும் ஸ்வெட்டர் துணியின் மென்மையோடு, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கியது. மூன்றாவதைத் தூக்கியதும் கையிலிருந்து தானாகச் சரிந்தது; ஜன்னல் வெளிச்சம் அதனூடே தெரிந்தது. நூல், டபுள் நிட்டிங் என்று லேபிளில் போட்டிருக்கும் நடுத்தரக் கனம். சுருக்கமாக டிகே என்பார்கள். ஊசிகள் மட்டும் வேறு: 3 மில்லிமீட்டர், 4, 5.5.

“பொம்மைன்னா முதல் துண்டு. இல்லாட்டி உள்ள அடைச்ச பஞ்சு வெளிய எட்டிப் பார்க்கும். ஸ்வெட்டர், தொப்பிக்கு நடுவுல உள்ளது. ஷாலுக்கு மூணாவது” என்றார். பெரும்பாலான பின்னல் புத்தகங்கள் இந்த நூலுக்கு இந்த ஊசி என்று கட்டம் போட்ட அட்டவணையில் தொடங்குகின்றன. அந்த மூன்று பச்சைத் துண்டுகளை முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தால் பாதி அட்டவணை தேவைப்பட்டிருக்காது. கண்ணிகளுக்கு நடுவே எவ்வளவு காற்று விடுவது என்பதை ஊசியின் பருமன்தான் முடிவு செய்கிறது. சாக்ஸ் தேயாமல் உழைக்க வேண்டும், அதனால் அதற்கு நெருக்கம். ஷால் சரிந்து விழ வேண்டும், அதனால் அதற்குத் தளர்வு. மெல்லிய லேஸ் நூலை அதன் பருமனுக்குப் பொருந்தாத பெரிய ஊசியில் பின்னுவதும் இதற்காகத்தான். பின்னி முடித்து நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காய வைத்தால் ஓட்டைகள் எல்லாம் விரிந்து வேலைப்பாடு தெரியும்.

அந்த நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். போனில் ஏதோ ஸ்வெட்டர் பின்னும் குறிப்பு. “அக்கா, எட்டாம் நம்பர் ஊசி குடுங்க.”

“எந்த ஊரு எட்டு?”

அவள் விழித்தாள். அக்கா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது அமெரிக்கா எட்டு. உனக்கு வேண்டியது 5 மில்லிமீட்டர். நம்ம கடை எட்டு 4 மில்லிமீட்டர்” என்று சொல்லி வேறு ஜோடியை எடுத்தார்.

நம் ஊர்க் கடைகளில் புழங்குவது பழைய இங்கிலாந்து நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 14-ஆம் நம்பர் 2 மில்லிமீட்டர், 10-ஆம் நம்பர் 3.25, 8-ஆம் நம்பர் 4, 6-ஆம் நம்பர் 5. கம்பி இழுக்கும் தொழிலிலிருந்து வந்த கணக்கு இது. உலோகக் கம்பியைத் துளையில் விட்டு ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அது மெலியும்; அதிக முறை இழுத்த கம்பிக்கு அதிக நம்பர். அமெரிக்க நம்பரோ நேர்மாறு, பருமன் கூடினால் நம்பரும் கூடும். இரண்டு வரிசையிலும் எட்டு இருக்கிறது, ஆறும் இருக்கிறது. ஆறு எட்டுக்கு நேர் தலைகீழ்: இங்கிலாந்து 6 என்பது 5 மில்லிமீட்டர், அமெரிக்க 6 என்பது 4. அந்தப் பெண் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்திருந்தால் ஒரு சுற்று சின்ன ஸ்வெட்டர் கிடைத்திருக்கும். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பார்ப்பதே நல்லது. வீட்டில் பாட்டி விட்டுப் போன, எழுத்து அழிந்த ஊசிகள் இருந்தால் துளைகள் போட்ட அளவுத் தகடு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஊசி எந்தத் துளைக்குள் பிடிப்பில்லாமலும் லொடலொடக்காமலும் நுழைகிறதோ அதுதான் அதன் அளவு.

அந்தப் பெண் விடவில்லை. “லேபிள்லயே ஊசி அளவு போட்டிருக்கே, அது போதாதாக்கா?” நான் கேட்க நினைத்ததை அவள் கேட்டுவிட்டாள். அக்கா ஒரு டிகே உருண்டையின் லேபிளைக் காட்டினார். ஊசிப் படத்துக்குப் பக்கத்தில் 4. அருகே ஒரு சதுரம், கீழே 22, பக்கவாட்டில் 28. பத்து சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணி, உயரத்தில் 28 வரிசை வர வேண்டும் என்று பொருள். “இது கம்பெனிக்காரன் கை. உன் கை வேற.”

கணக்குப் போட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மார்பு 100 சென்டிமீட்டர் வரும் ஸ்வெட்டருக்கு 220 கண்ணி போடுகிறோம். நம் கை சற்றுத் தளர்ந்து, பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் விழுகிறது என்றால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டே கண்ணி, உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். அதனால் முதலில் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரத் துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து, அதன் பிறகே ஸ்கேலை வைக்க வேண்டும். கண்ணி குறைந்தால் மெல்லிய ஊசி, கூடினால் பருத்த ஊசி. கையை இறுக்கிச் சரிசெய்ய முயல்வது வீண். நாலு வரிசைக்கு நினைவிருக்கும், அப்புறம் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

கோத்தகிரியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி இதையெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு லேபிளும் வேண்டாம், தகடும் வேண்டாம். “கண்ணு, பதினோராம் நம்பர் மூங்கில்ல இருக்கா?” 3 மில்லிமீட்டர். பேரனுக்குப் பருத்தி நூலில் சட்டை. “மெட்ராஸ்ல இருக்கான். கம்பளி போட்டா வெந்துபோயிருவான்.”

மூங்கில் எதற்கு என்று கேட்டேன். சொல்வதற்குப் பதில் இரண்டு ஊசிகளில் அதே நூலைக் கண்ணி போட்டுக் காட்டினார். மெர்சரைஸ் செய்த பளபளப்பான பருத்தி நூல் அது. அலுமினிய ஊசியைச் சற்றுச் சாய்த்ததும் கண்ணிகள் முனையை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தன. மூங்கிலில் அப்படியே நின்றன. வழுக்கும் நூலுக்குப் பிடிக்கும் ஊசி, பிடிக்கும் நூலுக்கு வழுக்கும் ஊசி. பட்டு, விஸ்கோஸ் நூல்களுக்கும் மூங்கிலோ மரமோ ஏற்றது. சொரசொரப்பான ஆட்டுக் கம்பளி உலோகத்தில்தான் வேகமாக ஓடும். வேகத்தை விரும்புகிறவர்கள் உலோகத்தை விட மாட்டார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு மூங்கில் கொடுத்தால் கண்ணி நழுவி அழாமல் இருப்பார்கள். ஆனால் ஒரே 4 மில்லிமீட்டர் என்றாலும் மூங்கிலிலும் உலோகத்திலும் ஒருவர் கைக்கு ஒரே அளவு விழும் என்று சொல்ல முடியாது. சதுரத் துண்டை எந்த ஊசியில் பின்னினோமோ அதிலேயே ஸ்வெட்டரையும் முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

பாட்டி ஊசி முனைகளை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தே ஒரு ஜோடியைத் தேர்ந்தார். முறுக்குக் குறைவான நூலில் கூர் முனை இழைகளைப் பிளந்துகொண்டு போகும். அதற்கு மழுங்கிய முனை வேண்டும். லேஸ் வேலையில் மூன்று கண்ணியை ஒன்றாகக் குத்தி எடுக்க வேண்டியிருப்பதால் அங்கே கூர்மை இல்லாமல் ஆகாது. நிறமும் ஒரு காரணம்தான் என்றார் பாட்டி. கறுப்பு நூலைக் கறுத்த ஊசியில் ராத்திரி பின்னினால் கண் போய்விடுமாம்.

கடைசியில் என் தொப்பி. நேர் ஊசியில் தட்டையாகப் பின்னிப் பின்பக்கம் தைத்துவிடலாம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, தையல் மேடு தலையில் உறுத்தும் என்றார். இரண்டு குட்டி ஊசிகளை வளையும் கம்பியால் இணைத்த வட்ட ஊசியை எடுத்தார். இதன் நீளத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அளப்பார்கள்: 40, 60, 80 சென்டிமீட்டர் என்று. 56 சென்டிமீட்டர் தலைக்குத் தொப்பி சற்று இழுத்துப் பிடிக்க வேண்டும். 112 கண்ணி போட்டால் சுற்றளவு 51 சென்டிமீட்டருக்குள் வரும். 60 சென்டிமீட்டர் ஊசியில் அந்தக் கண்ணிகள் சுற்றி வந்து சேராமல் இழுபடும். ஆகவே 40. ஸ்வெட்டர் உடம்புக்கென்றால் 80. போர்வைக்கும் வட்ட ஊசி நல்லது, வளைத்துச் சேர்க்காமல் திருப்பித் திருப்பித் தட்டையாகவே பின்னலாம். பாரம் முழுக்க மடியில் கிடக்கும், மணிக்கட்டு வலிக்காது.

தொப்பியின் உச்சியில் கண்ணி குறைந்துகொண்டே போகும்போது 40-உம் பெரிதாகிவிடும். அதற்கு இரு முனையும் கூரான ஐந்து ஊசிச் செட். நான்கில் கண்ணி பிரிந்து நிற்க, ஐந்தாவது சுற்றி வந்து பின்னும். விளிம்பு ரிப்புக்கு இரண்டு அளவு மெல்லிய 3.25 வட்ட ஊசி ஒன்று. விளிம்பு தளர்ந்தால் தொப்பி கண்ணை மறைக்கும்.

மேசைக் கண்ணாடிக்குள் எல்லா அளவும் அடங்கிய செட் ஒன்று, ஜிப் வைத்த பையோடு, அழகாக இருந்தது. மர ஊசிகள், கழற்றி மாட்டும் கம்பிகள். எனக்கு ஆசை வந்தது. விலை கேட்டதும் அக்கா தலையாட்டினார்.

“அதுல பாதி அளவு உங்களுக்கு எப்பவுமே தேவைப்படாது சார். 3.25, 4, 5. இந்த மூணு வீட்ல இருந்தாப் போதும். மத்ததை அந்தந்த வேலை வரும்போது வாங்கிக்குங்க.”

வியாபாரம் செய்கிறவர் சொன்னதால் நம்பினேன். 3.25-இலும் 4-இலும் 40 சென்டிமீட்டர் வட்ட ஊசி ஒவ்வொன்று, 4-இல் ஐந்து ஊசிச் செட், டிகே இரண்டு உருண்டை. இரண்டின் சாய லாட் எண்ணும் ஒன்றுதானா என்று லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பில்லைக் கிழித்தார்.