காடா, கொழும்பா?

எங்கள் ஊரின் பெயரிலேயே காடு இருக்கிறது: மாளிகைக்காடு. காரைதீவுப் பிரதேசத்தின் வடக்குப் புறத்தில், சாய்ந்தமருதோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஊர். அது எங்கே முடிந்து இது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குக் காட்டுவது கஷ்டம். ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டு வளவுக்குள் விழும். பெயரில் இருக்கிற காடு எப்போது வெட்டப்பட்டதென்று என் வாப்பாவுக்கும் தெரியாது.

இந்த ஊரில் இருந்துகொண்டு, லீவுக்குக் காட்டுக்குப் போவதா கொழும்புக்குப் போவதா என்று 2025 நோன்புப் பெருநாளுக்கு அடுத்த கிழமை எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது.

வழக்குக்குக் காரணம் நான்தான். மகள் சாதாரணதரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, முடிந்ததும் ஒரு பயணம் போவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கே என்று சொல்லவில்லை. அவள் கொழும்பு என்று விளங்கிக்கொண்டாள். தாமரைக் கோபுரம், காலிமுகத் திடல், தெஹிவளை மிருகக்காட்சிசாலை என்று கொப்பியில் வரிசையாக எழுதியும் வைத்திருந்தாள். நான் மனதில் வைத்திருந்தது இங்கினியாகலை. கல்லோயா தேசியப் பூங்கா. சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய் யானை பார்ப்பது.

இதைச் சொன்னதும் முதலில் எதிர்த்தவள் மனைவி.

"நம்மட ஆக்கள் ஆனைக்குப் பயத்துல வெடி கொளுத்துறாங்க. நீங்க காசு குடுத்து ஆனை பார்க்கக் கூட்டிப் போறீங்களா?"

அதில் நியாயம் இருந்தது. மாசியில் பெரும்போக அறுவடை முடிந்தால் யானைகள் வட்டைக்குள் இறங்கிவிடும். வைக்கோலும் பதரும் கிடக்கும் வரை இரவில் யானை வெடிச் சத்தம் கேட்டபடி இருக்கும். சில வேளை குடிமனைக்குள்ளும் வந்து மதிலைத் தள்ளிவிட்டுப் போகும். இன்னொரு யானையையும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பையோடு சோற்றைத் தின்னும் யானை. எட்டு வருடங்களில் அங்கே ஏறத்தாழ 20 யானைகள் செத்ததாக 2022இல் உலகச் செய்திகளில் வந்தது. மகன் அந்தப் படத்தை ரெலிபோனில் பார்த்துவிட்டு, "நம்மட குப்பையா வாப்பா?" என்று கேட்டான். ஒன்பது ஊர்களின் குப்பை அது. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மகள் தன் கட்சியைப் பேசினாள். "தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கு மேல உயரமாம். ஏறினா கடல் முழுக்கத் தெரியுமாம்."

"கடல நாம போதுமான அளவு பார்த்தாச்சி" என்றாள் மனைவி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஆறேழு வருடங்கள் கடற்கரைப் பக்கம் போகாதவள் அவள்.

அன்றிரவு நித்திரை வராமல் கிடந்தபோது யோசித்துப் பார்த்தேன். கொழும்புக்கு நான் எத்தனை முறை போயிருக்கிறேன்? இருபதுக்குக் குறையாது. முதல் முறை வாப்பாவின் கண் ஒப்பரேஷனுக்கு. பிறகு பாஸ்போர்ட்டுக்கு. மச்சானை சவூதிக்கு அனுப்ப. மாமியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. ஒவ்வொரு முறையும் இரவு பஸ்ஸில் ஏறி, 300 கிலோமீற்றருக்கு மேல் குந்தியிருந்து, விடியும்போது புறக்கோட்டையில் இறங்கி, அலுவல் முடிந்ததும் அன்றிரவே திரும்பியிருக்கிறேன். 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளியைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் கெமராவோடு வருகிறார்கள். நான் அதற்குள் லுஹர் தொழுதிருக்கிறேன், அண்ணாந்து ஒரு முறையும் பார்த்ததில்லை. கையில் ஃபைல் இருந்தது, மனதில் கந்தோர் பூட்டும் நேரம் இருந்தது. கொழும்பு என்றால் எங்கள் ஆட்களுக்கு அலுவல்.

காடு என்றால் பயம். முன்பு அப்படி இருக்கவில்லை. விறகுக்கும் தேனுக்கும் மாட்டுப்பட்டிக்கும் போய்வந்தார்கள். எங்கள் மூத்தம்மா குரகலைக் காட்டு மலையில் இருக்கும் ஜெய்லானிக்குப் போய் வந்த கதையைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தா. என் காலத்தில் அது அறுந்துபோயிற்று. 1985இல் கிழக்கு யாலையை மூடினார்கள். இன்று குமண என்று சொல்லும் அந்தப் பூங்கா 2003இல்தான் திறந்தது. 1990க்குப் பிறகு மேற்கே வயலுக்குப் போன எல்லோரும் வீடு திரும்பவில்லை. 2006 செப்டெம்பரில் பொத்துவிலுக்கு அப்பால் ராத்தல் குளத்தில் வேலைக்குப் போன பத்து முஸ்லிம் தொழிலாளர்களை வெட்டிக் கொன்றார்கள். அந்த நாட்களில் வாப்பா எனக்குச் சொன்ன ஒரே புத்தி, "மேற்கால போகாத மகன்" என்பதுதான். காரைதீவில் என்னோடு படிப்பிக்கும் நண்பர், வழி திறந்த வருடங்களில் உகந்தையிலிருந்து குமணக் காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர். காட்டைப் பற்றி அவர் பேசும்போது முகம் மலரும். என் முகத்தில் வாப்பாவின் புத்திதான் தெரிந்திருக்கும்.

அப்படியானால் நான் ஏன் காட்டுக்குப் போக ஆசைப்பட்டேன்? அதை எனக்கே விளங்கப்படுத்தியவன் மகன்.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். வயல் பார்க்கப் போனபோது அவனையும் கூட்டிப் போனேன். வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து காலை நனைத்துக்கொண்டு கேட்டான்:

"இந்தத் தண்ணி எங்கயிருந்து வாப்பா வருது?"

"இங்கினியாகலக் குளத்துல இருந்து."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

இல்லை. நாற்பத்தெட்டு வருடங்களாக அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்கிறேன். வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் வயல்காரர் என்பதால், தண்ணீர் வரப் பிந்தினால் வட்டவிதானையிடம் போய்ச் சண்டையும் பிடித்திருக்கிறேன். ஐம்பது கிலோமீற்றருக்குள் இருக்கும் அந்தக் குளத்தைப் பார்த்ததில்லை.

அதன் வரலாறு எங்களுக்கு முழுக்கவும் இனிப்பானதல்ல. பட்டிப்பளை ஆறு என்று எங்கள் முன்னோர் சொன்ன ஆற்றைத்தான் கல்லோயா என்று பெயர் எழுதி மறித்தார்கள். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. அமெரிக்கக் கம்பனி ஒன்று அணையைக் கட்டியது. முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயர் குளத்துக்கு வந்தது. குடியேற்றங்கள் வந்தன, 1956 ஜூனில் கலவரம் வந்தது, 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. காணியைப் பற்றி எங்கள் பெரியவர்கள் சொல்லும் மனக்குறை எல்லாம் அந்த அணையடியில்தான் தொடங்கும். அதே அணைதான் எங்கள் வயலுக்கு இரண்டாம் போகத்தையும் தந்தது. 1954இல் அந்தக் காட்டைத் தேசியப் பூங்காவாக்கியது யானை பார்க்க வருகிறவர்களுக்காக அல்ல, குளத்தின் நீரேந்து பகுதியைக் காப்பதற்காக. காடு அழிந்தால் மண் கரைந்து குளம் தூர்ந்துபோகும். குளம் தூர்ந்தால் என் வயலுக்கு ஒன்றும் வராது.

இதை இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கொழும்பு?" என்றாள். டிசம்பர் லீவுக்கு, அலுவல் ஒன்றும் வைக்காமல், மூன்று நாள் என்றேன். "எழுதித் தாங்க" என்றாள். அவளுடைய கொப்பியிலேயே எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மனைவி அதற்குப் பிறகும் பேசாமலிருந்தாள். கடைசியில்தான் சொன்னாள். "அந்த றோட்டால போகணுமே."

காரைதீவுச் சந்தியிலிருந்து மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் பாதை. 2024 நவம்பர் 26ஆம் திகதி, வெள்ளம் மேவிப் பாய்ந்த அந்தப் பாதையில், லீவுக்கு வீடு போய்க்கொண்டிருந்த மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் தண்ணீருக்குள் போனது. அந்த நாட்களில் எங்கள் ஊர்களில் எந்த வீட்டிலும் ஒழுங்காக அடுப்பெரியவில்லை. வந்துசேர்ந்த ஜனாஸாக்களில் பல என் மகளின் வயது, அதற்கும் குறைந்த வயது. லீவு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அந்தப் பிள்ளைகளின் நினைவு வருகிறதென்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அம்பாறையால கொழும்புக்குப் போனாலும் அதே றோட்டுத்தான்" என்றேன். வேறு ஆறுதல் என்னிடம் இருக்கவில்லை.

சுபஹு தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். மாவடிப்பள்ளியில் வேனை மெதுவாக விடச் சொன்னாள். இரு பக்கமும் வயல், தண்ணீர் வாய்க்காலுக்குள் அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் உதடு அசைந்தது. பிள்ளைகளும் பேசவில்லை. சம்மாந்துறை தாண்டிய பிறகுதான் மகன் பிஸ்கட் கேட்டான்.

குளத்தைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிய வார்த்தைகள் இல்லை. அணைக்கட்டில் ஏறி நின்றபோது மனைவி சொன்னதுதான் சரி. "இவ்வளவு தண்ணியும் இஞ்சயா இருந்தது!" படகுக்காரர் சிங்களத்தில் பேசினார், மகள் தான் படித்த சிங்களத்தை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தாள். கொழும்பில் பேசவென்று பாடமாக்கியது இங்கே பயன்பட்டது. செத்த மரங்கள் தண்ணீருக்குள் நின்றன, கொப்புகளில் நீர்க்காகங்கள். ஒரு தீவுக் கரையில் ஐந்து யானைகள் புல் மேய்ந்தன, ஒன்று குட்டி. பிறகு பெரியது தண்ணீருக்குள் இறங்கியது. உடம்பு அமிழ்ந்து, தலையின் மேற்பக்கமும் தும்பிக்கை நுனியும் மட்டும் தெரிய, அடுத்த கரையை நோக்கி நீந்தியது. படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். வெடிச் சத்தம் இல்லாமல் ஒரு யானையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதுக்கு நம்மளப் பார்த்துப் பயமில்லையா?" என்று மகன் மெதுவாகக் கேட்டான்.

திரும்பி வந்து பத்து நாளிருக்கும். ஒரு இரவு மேற்கே வட்டைப் பக்கம் இரண்டு வெடி கேட்டது. மகன் எழும்பிக் கட்டிலில் குந்திக்கொண்டான். "நாம பார்த்த ஆனையா வாப்பா?" என்றான். இல்லை மகன், அது வேறு ஆனை என்றேன். எனக்கென்ன தெரியும்? விதைத்த வயலுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாதே என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகு குட்டியையும் நினைத்தேன்.

காலையில் கொப்பியைப் பார்த்தேன். டிசம்பர் என்ற இடத்தில் மகள் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டிருந்தாள்.