மதிலுக்கு அந்தப் பக்கம் போன கொப்பு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்மதிலோரம் வாப்பா நட்ட ஈரப்பலா நிற்கிறது. அதன் பெரிய கொப்பு பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே. காய்த்தால் அந்த அக்காவுக்கும் இரண்டு காய் கொடுப்போம். அதோடு கடமை முடிந்தது என்றிருந்தேன்.

"டீச்சர், இலை விழுந்து பீலி அடைக்குது. காத்தடிச்சா படுக்கப் பயமாயிருக்கு" என்று இரண்டு தரம் சொன்னார். "காய் தின்னக்குள்ள பயமில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அயலவர் ஹக் பற்றி வகுப்பில் படிப்பிக்கிறவள் நான்! அன்றோடு பேச்சு நின்றது.

2023 ஒக்டோபர் 6, கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து 5 பேர் மரணித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்ததும் அக்காவின் கூரைதான் நினைவுக்கு வந்தது.

பின்னேரமே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கொப்பின் அடி உளுத்திருக்கிறது. எங்கள் பக்கம் அது தெரியவே தெரியாது.

பலா, ஈரப்பலா மரங்களை நினைத்தபடி தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதனால் முதலில் கிராம சேவகரிடம் போனோம். அனுமதி கிடைத்ததும் ஆள் பிடித்துக் கொப்பை இறக்கினோம். கூலி எங்களது. மரம் இன்னும் நிற்கிறது.

பேசித் தீராத பிணக்குக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. அதற்கு முன், மழை தொடங்க முதல், உங்கள் மரத்தைப் பக்கத்து வீட்டு முற்றத்தில் நின்று ஒருமுறை பாருங்கள்.