ஒரு டம்ளர் தண்ணீர் போதும், நூறு வயது இன்ஜினை உடைக்க! - இங்கிலாந்துப் படகுகளின் குளிர்காலம்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் ஸ்டோக் புரூர்ன், கால்வாயை ஒட்டி அமைந்த ஒரு சின்ன கிராமம். கோடையில் கரையெங்கும் சுற்றுலாப் பயணிகள் இருப்பார்கள். டிசம்பரில் காட்சியே வேறு. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கரையோரம் கட்டிக்கிடக்கும் படகுகளின் கூரையில் உறைபனி படர்ந்திருக்கும். ஆள் குடியிருக்கும் படகுகளின் புகைபோக்கியில் மட்டும் நிலக்கரிப் புகை எழும்.

இவற்றுக்கு 'நேரோபோட்' என்று பெயர். இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம், சுமார் 70 அடி. அகலமோ ஒரு பேருந்தைவிடக் குறைவு, 7 அடிதான். 18-ம் நூற்றாண்டில் கட்டிய பல கால்வாய்களில், படகை மேலேற்றி இறக்கும் 'லாக்' என்ற மதகுத் தொட்டிகள் அவ்வளவு குறுகலானவை. அதற்கேற்பத்தான் படகுகளும் உருவாயின.

அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து இவற்றை இழுத்தன. பிறகு இன்ஜின் வந்தது. அவற்றில் புகழ்பெற்றது ஸ்வீடனில் தயாரான 'போலிண்டர்'. ஒற்றை சிலிண்டர்தான். அதன் தலைப்பகுதியை புளோலாம்ப் நெருப்பில் சில நிமிடங்கள் நன்றாகச் சூடாக்கி, கனமான சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுழற்றினால் 'டப்... டப்...' என்று உயிர் பெறும். இன்றும் சிலர் இந்த இன்ஜின்களை ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். அவர்களின் பெரிய கவலை, குளிர்காலம்.

என்ன ஆபத்து?

பழைய இன்ஜின்கள் பலவும் கால்வாய் நீரையே உறிஞ்சி, தம்மைக் குளிர்வித்துக்கொண்டு அதை வெளியே விடும். வேலை முடிந்த பிறகும் சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரிவடையும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். இந்தப் பாகங்களின் தயாரிப்பு எப்போதோ நின்றுபோனதால், கடைக்குப் போய் வாங்கவும் முடியாது. ஒரே ஓர் இரவுப் பனியில் ஓர் இன்ஜினின் கதை முடிந்துவிடலாம்.

அதனால் முதல் பனிக்கு முன்பே இன்ஜினின் அடியில் இருக்கும் சிறிய குழாயைத் திறந்து, நீரை வடித்துவிடுகிறார்கள். சொட்டுவது நின்றதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. சேறு அடைத்துக்கொண்டும் நின்றிருக்கலாம். ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்திப் பார்த்தால், மிச்சத் தண்ணீர் திடீரென்று கொட்டும்.

மற்ற வேலைகள்

பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும் என்பதால், அதை மாற்றிவிட்டுத்தான் இன்ஜினை ஓய்வுக்கு விடுவார்கள். டீசல் டேங்கை நிரப்பி வைப்பார்கள். காலியிடம் இருந்தால் உள்ளே ஈரம் படியும், அந்த நீரில் கிருமிகள் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். பேட்டரியில் சார்ஜ் முழுதாக இருக்க வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி எளிதில் உறைந்துவிடும். மழைநீர் இறங்காமலிருக்க, புகைக்குழாயின் மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைப்பார்கள். சமையலறைக் குழாய்களையும் வடித்து, திறந்தே விடுவார்கள்.

கால்வாய் உறைந்துவிட்டால் படகை நகர்த்தக் கூடாது. உடையும் பனிக்கட்டி, அடிப்பாகத்தின் பூச்சைச் சுரண்டும். மரப் படகாக இருந்தால் பலகையையே அறுக்கும். அக்கம்பக்கத்துப் படகுகளுக்கும் இதே கதி. உள்ளே அடுப்பு எரியும்போது, குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை அடைப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் கட்டாயம் வேண்டும்.

1963 தந்த பாடம்

இந்தக் கால்வாய்க்காரர்களுக்குக் குளிரின் மேல் இருக்கும் பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1962 டிசம்பர் கடைசியில் தொடங்கிய பனி, 1963 மார்ச் வரை விலகவில்லை. 1740-க்குப் பிறகு அங்கே வந்த மிகக் குளிரான குளிர்காலம் அது. கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. சரக்கோடு கிளம்பிய படகுகள் நடுவழியில் சிக்கிக்கொண்டன. சுமார் பத்தடி நீள அறையையே வீடாகக்கொண்டிருந்த படகோட்டிக் குடும்பங்களுக்கு வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. சரக்குகள் சாலைக்கும் ரயிலுக்கும் மாறின. பனி உருகியது, ஆனால் போன சரக்குகள் பெரும்பாலும் திரும்பவில்லை. ஏற்கெனவே நலிந்துகொண்டிருந்த தொழிலுக்கு அந்தக் குளிர் கடைசி அடியாக அமைந்தது. அதே 1963-ல்தான் ஸ்டோக் புரூர்னின் பழைய தானிய மில்லில் கால்வாய் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நீங்கள் அங்கே போவதாக இருந்தால், ஒன்றைக் கவனியுங்கள். மதகுக் கதவுகளைப் பழுதுபார்ப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரைதான். படகுப் பயணம் கிடைக்காமல் போகலாம். வேறெங்காவது மதகுத் தொட்டியை வற்றவைத்து வேலை பார்த்தால், எப்போதும் நீருக்கடியில் மறைந்திருக்கும் பழைய செங்கல் கட்டுமானத்தைப் பார்க்கலாம்.

மார்ச் மாதத்தில் ஒரு காலைப் பொழுது, தகர டப்பாவை எடுத்துவிட்டு, நெருப்பு காட்டி, சக்கரத்தை உதைப்பார்கள். அப்போது அந்த 'டப்... டப்...' கேட்டால், நவம்பரில் யாரோ ஒருவர் குளிரில் குனிந்து உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தார் என்று அர்த்தம்.