எண் இல்லாத கடைகள்

கொத்தவால் சாவடியைக் காலி செய்தாக வேண்டும் என்பதில் எங்கள் அப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அங்கே ஒரு வெங்காய மண்டியில் பாதி ஆயுளைக் கணக்குப்பிள்ளையாகக் கழித்தவர் அவர். நாசிக் லாரி ஒன்று உள்ளே வந்துவிட்டால் ஆதியப்பன் தெருவில் சைக்கிள்கூட நகராது. அழுகின கோஸ் இலை மழைத் தண்ணீரில் ஊறிக் கணுக்கால் வரை சேறாகிக் கிடக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே ஓடுவார்கள். ஒதுங்காதவன் பாடு அவ்வளவுதான். பழைய மெட்ராஸ் என்றதும் உருகி எழுதுகிறவர்கள் யாரும் ஐப்பசி மாதத்தில் அந்தச் சந்துக்குள் நின்றவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

சந்தை கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்குச் சொந்தம். நூறு வருஷத்துக்கும் மேலாக ஊருக்கே காய்கறி அங்கிருந்துதான் போயிற்று. கோயம்பேட்டில் பெருநகர வளர்ச்சிக் குழுமம் புதுச் சந்தை கட்டி, 1996-இல் மொத்த வியாபாரம் அங்கே போனது. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். ராத்திரிகளில் அப்பாவுக்குச் சிட்டை எழுத ஒத்தாசையாகப் போவேன். அதனால் அந்தக் கடைசி மாதங்களைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன்.

இடம் மாறப்போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் காகிதத்தைத் தேடினார்கள். வாடகை ரசீது, லைசென்ஸ், விற்பனை வரிப் பதிவு. காகிதம் வைத்திருந்த மண்டிகளுக்குக் கோயம்பேட்டில் கடை எண் வந்தது. எங்கள் முதலாளிக்கும் வந்தது. சாமி படத்துக்குக் கீழே அந்த உத்தரவை ஒட்டி வைத்து விபூதி பூசினார். எதிர்த் திண்ணையில் கோணி தைக்கிற பெரியவருக்கு என்ன காகிதம் இருக்கும்? அவருடைய கடை என்பது ஒரு கோணி ஊசி, ஒரு சணல் கண்டு, உட்கார ஒரு செங்கல். விடியற்காலை இரண்டு மணிக்கு டீயும் பொறையும் கொண்டுவரும் அண்ணாச்சிக்குக் கடை வைக்க ஒரு பலகைகூடக் கிடையாது, தூக்குவாளிதான். தராசில் எடை பார்த்துக் கொடுக்கிறவர், கழிவுக் காயைப் பொறுக்கி மாட்டுக்காரர்களுக்கு விற்கிறவர் என்று ஒவ்வொரு மண்டியையும் சுற்றி இப்படிப் பத்துப் பேராவது பிழைத்தார்கள். அவர்களை யாரும் கடை என்று எண்ணவில்லை. வேண்டுமென்றே விட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணுகிறவர் கையில் இருந்த படிவத்தில் அவர்களுக்குக் கட்டம் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் பாக்கி. காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து கூடைக்காரப் பெண்கள் விடிவதற்கு முன் வருவார்கள். முழு மூட்டை வாங்க அவர்களிடம் முதல் இருக்காது. மூட்டையைப் பிரித்துப் பத்துக் கிலோ, இருபது கிலோ என்று அப்பா போடச் சொல்வார். இன்றைய சரக்குக்கு நாளைக்குக் காசு. நாளைக்கு மழை பெய்தால் நாளை மறுநாள். எல்லாம் சிட்டையில் இருக்கும். பெயர்கூட இருக்காது. 'மூலக்கொத்தளம் ஆயா', 'மச்சக்காரி', 'ரெட்டைப் பிள்ளை அம்மா' என்றுதான் அப்பா எழுதியிருப்பார். தண்டல்காரரிடம் போனால் காலையில் நூறு வாங்கும்போதே கழித்துக்கொண்டு கொடுப்பார். மண்டியில் வட்டி இல்லை. அந்தப் பெண்களுக்குச் சாவடி பாங்கு மாதிரிதான்.

புது இடத்துக்குப் போகும் முன் பாக்கியை வசூலித்துவிடச் சொன்னார் முதலாளி. அப்பா ஒவ்வொருத்தியிடமும் பேசினார். மூலக்கொத்தளம் ஆயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"இன்னா நைனா, கோயம்பேடுன்றியே, அது எங்க கீது? பூந்தமல்லி ரோட்ல பாதி தூரம் போவணும். போவ ஒரு வண்டி, வர ஒரு வண்டி. அதுல நான் இன்னாத்த வித்து, இன்னாத்த துன்றது?"

"வேற வழி இல்ல ஆயா. எல்லாரும்தான் போறோம்."

"நீ போவே. உன்கு அங்க நாற்காலி போடுவாங்க."

பாக்கியை அவள் இரண்டு தவணையில் கட்டிவிட்டாள். கட்டாமல் போனவர்களும் உண்டு. ஆனால் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. கட்டி முடித்துவிட்டு அவள் எங்கே சரக்கு எடுத்தாள் என்பது எனக்குத் தெரியாது. கோயம்பேட்டில் ஒருநாளும் அவளைப் பார்க்கவில்லை.

கோயம்பேடு அகலமாக இருந்தது. காய்க்கு, கனிக்கு, பூவுக்கு என்று தனித்தனி வளாகம். லாரி நேராக வாசலுக்கே வந்து நின்றது. முதல் வாரம் அப்பா குழந்தை மாதிரி நடந்து நடந்து பார்த்தார். ஆனால் வியாபாரத்தின் அளவு மாறிவிட்டது. மூட்டையைப் பிரிக்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. முகம் தெரியாதவருக்குக் கடன் இல்லை. மீன்பாடி வண்டி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். பிறகு டாடா ஏஸ், அதாவது குட்டி யானை, வந்தபோது அதை வாங்க முடிந்தவர்கள் இன்னும் நன்றாகப் பிழைத்தார்கள். தெருமுனைக் கூடை குறையக் குறைய, வண்ண விளக்கு போட்ட பழமுதிர் நிலையங்கள் முளைத்தன. இது சந்தை மாறியதால் மட்டும் நடந்தது என்று சொன்னால் மிகை. சந்தை மாறாமல் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

சாவடி செத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பருப்பு, சர்க்கரை மண்டிக்காரர்கள் நகராமல் அண்ணாபிள்ளை தெருவிலேயே இருந்துகொண்டார்கள். பத்ரியன் தெருவில் பூக்காரர்கள் பல வருஷம் மல்லுக்கு நின்றார்கள். எங்கள் மண்டி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வாளியும் காகிதத் தட்டும் விற்கிறார்கள். 1998-இல் 'கண்ணெதிரே தோன்றினாள்' படத்தில் கொத்தவால் சாவடிப் பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு வந்து ஊரெல்லாம் ஒலித்தது. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "ஆளை விரட்டிட்டுப் பாட்டு போடறான்" என்றார்.

அப்பா வேலையை விட்ட பிறகு அண்ணன் அதே மண்டியில் உட்கார்ந்தான். இரண்டாவது முறை சந்தை பெயர்ந்ததை அவனோடு பார்த்தேன். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், முந்தின நாள் கோயம்பேட்டில் ஊரே திரண்டது. பிறகு அங்கிருந்து தொற்று மாவட்டம் மாவட்டமாகப் போனது. மே 5 அன்று மூடினார்கள். அடுத்த வாரமே பூந்தமல்லி தாண்டித் திருமழிசையில் ஒரு வெட்டவெளியில் தகரம் போட்டு ஏறக்குறைய 200 கடைகள். கனிகள் மாதவரம் பேருந்து நிலையத்துக்குப் போயின. பஸ் ஓடாத காலம். அண்ணனை என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். ஒரு கோடை மழைக்கே திடல் சேறாகிவிட்டது. மதனப்பள்ளித் தக்காளிப் பெட்டிகள் அதில் முங்கி நின்றன. பேசிக்கொள்ளவே ஆள் இல்லாத அமைதியில் லாரிகள் வரிசையாகக் காத்திருந்தன. உள்ளே மொத்த வியாபாரத்துக்கு மட்டும்தான் அனுமதி.

வீட்டிலிருந்து அப்பா போன் செய்தார். சரக்கு வரத்து எவ்வளவு, விலை என்ன என்று கேட்பார் என்று நினைத்தோம்.

"அங்க டீ கெடைக்குதாடா?"

கிடைக்கவில்லை. கோணி தைக்கவும் ஆள் இல்லை. கிழிந்த மூட்டைகளை அண்ணன் பிளாஸ்டிக் கயிற்றால் தானே கட்டிக்கொண்டிருந்தான். அதே வாரங்களில் எங்கள் தெருவில் வேலை போன ஒரு கால் டாக்ஸிக்காரர் டிக்கியைத் திறந்து வைத்து வெங்காயம் விற்றார். கடை மூடிய அன்றே இன்னொரு கடை எங்கேயாவது திறந்துவிடுகிறது. அது அதே ஆளுடையதாக மட்டும் இருப்பதில்லை. செப்டம்பர் 28-இல் கோயம்பேடு மறுபடி திறந்தபோது அண்ணனுடைய பழைய சுமைக்காரர்களில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள். மற்றவர்கள் ஊரோடு தங்கிவிட்டதாகக் கேள்வி.

இடம் பெயர்ந்தது சந்தை மட்டுமில்லை. கோயம்பேட்டில் சந்தையை ஒட்டியே 2002-இல் புறநகர்ப் பேருந்து நிலையம் வந்தது. பாரிமுனையில் வெளியூர் பஸ்களை நம்பியிருந்த கடைகள் அப்போது படுத்துப்போக, இங்கே லாட்ஜ், செல்போன் கவர், பயணப் பை, நள்ளிரவு பரோட்டா என்று ஒரு புது ஊரே எழுந்தது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்து, தென் மாவட்டப் பஸ்கள் அங்கே போகத் தொடங்கின. இப்போது கோயம்பேட்டில் ஷட்டர் இறங்கிக் கிடக்கும் கடைகளை அண்ணன் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தான். பயணப் பை விற்ற ஒரு கடையைப் பக்கத்து மண்டிக்காரர் காலிக் கோணி அடுக்க வாடகைக்குக் கேட்டிருக்கிறாராம். பழைய வாடகையில் பாதிக்குப் படிந்துவிட்டது. அட்வான்ஸ்தான் இன்னும் பேச்சில் இருக்கிறது.