கோட்டக்கல்லில் ஒரு காலை

திரூர் ஸ்டேஷனில் இறங்கியதும், "இங்கேயாவது தூக்கத்துக்கு வழி சொல்வார்களா?" என்றாள் சித்தி. வயது 52. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷம். நடுநிசியில் உடம்பு தீயாய்க் கொதிக்கும். புடவை நனைய வியர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வீட்டு ஆண்களிடம் சொல்லக்கூடிய விஷயமா, சொல்லுங்கள்!

அங்கிருந்து பஸ். கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை, பி. எஸ். வாரியர் 1902-ல் தொடங்கியது. உள்ளே நுழைந்ததுமே தைல வாசனை.

வைத்தியர் ஒரு பெண்மணி, எங்கள் அதிர்ஷ்டம்! "இது வியாதியல்ல. 12-ல் தொடங்கி 50-ல் நிற்பது என்று சுசுருதரே எழுதியிருக்கிறார்" என்று சிரித்தார். பாலில் தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணம், நல்லெண்ணெய் ஸ்நானம், காரமும் காப்பியும் குறைய வேண்டும். காப்பி என்றதும்தான் சித்தியின் முகம் வாடியது.

"நடுவில் எப்போதாவது உதிரம் பட்டதா?"

சித்தி என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "போன மாசம், இரண்டு நாள்."

வைத்தியரின் பேனா நின்றது. நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு துளி பட்டாலும் கருப்பையைப் பரிசோதித்தாக வேண்டுமாம். பெரும்பாலும் அற்பக் காரணந்தான். சில சமயம் புற்றுநோயாகவும் இருக்கும். "முதலில் ஸ்கான். மருந்தெல்லாம் பிறகு" என்றார்.

அன்று மாலையே ரயிலேறினோம். சிறு சதை வளர்ச்சிதான், எடுத்துவிட்டார்கள். சூரணப் புட்டியைச் சித்தி இப்போதுதான் திறந்திருக்கிறாள். காப்பி மட்டும் நின்றபாடில்லை.