பூஸ்ட் குடுத்தா போன் ஓடுமா?

அம்மா போனில்தான் எங்க அண்ணன் பிஜிஎம்ஐ ஆடுவான். போன் திக்கித் திணறுதுன்னு ‘கேம் பூஸ்டர்’ ஒன்றை இறக்கினான். தட்டினால் ராக்கெட் பறக்கும், ‘மெமரி காலி’ என்று காட்டும். ரெண்டு நிமிஷத்தில் பழைய கதைதான்! அது மூடிவிட்ட வாட்ஸ்அப் தானாகவே மறுபடி எழுந்து வந்துவிடும். அதற்கு பேட்டரி வேறு தண்டம்.

உண்மையான வில்லன் சூடுங்க. போன் கொதித்தால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். எரியோட்டு வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், சார்ஜ் போட்டபடியே ஆடினால் எந்த பூஸ்டர் என்ன பண்ணும்? கவரைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, கிராஃபிக்ஸை ‘ஸ்மூத்’தில் வைத்து வேப்பமரத்தடியில் ஆடச் சொன்னேன். திணறல் குறைந்தது.

இன்னொன்று. அந்த பூஸ்டர் காண்டாக்ட் எல்லாம் பார்க்க அனுமதி வாங்கியிருந்தது. அம்மாவின் மகளிர் குழு நம்பரெல்லாம் அதுக்கு எதுக்கு? அன்றைக்கே அழித்துவிட்டோம்.