பத்மினியின் பெட்ரோல் பம்பு

பழைய கார்களின் பெட்ரோல் பம்பு உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினது. இன்றைய கார்களில் அது டாங்கிக்குள் மூழ்கிக் கிடந்து மின்சாரத்தால் இயங்குகிறது. வாப்பா எங்களுக்கு விட்டுச்சென்ற பிரிமியர் பத்மினியிலோ எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டே நட்டுகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. எஞ்சினின் கேம் தண்டு சுழலுந்தோறும் பம்பின் நெம்புகோல் அசைந்து, ரப்பர் பூசிய துணியாலான டயாபிரத்தை இழுக்கிறது; டாங்கியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. பின்னர் ஒரு சுருள்வில் டயாபிரத்தைத் திருப்பித் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்துவிட்டால் வில் அமுங்கியே நிற்கும். தேவைக்கு மேல் ஏறாது.

அந்தக் கார் எங்கள் வீட்டில் காட்சிப்பொருளன்று. முழங்கால் வலியுள்ள உம்மா அதன் பின்னிருக்கையில்தான் சிரமமின்றி அமர்வார்கள். காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி மருத்துவமனைக்கு மாதந்தோறும் அதில்தான் பயணம்.

சென்ற கோடையில் அப்படிப் போகையில், குரும்பூரைத் தாண்டியதும் எஞ்சின் திணறி நின்றது. வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பது இக்கார்களுக்குப் புதிதன்று. பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுச் சற்றுப் பொறுத்தால் ஓடிவிடும். அன்று துணி உலர்ந்த பின்னும் ஓடவில்லை. உம்மாவை வாடகைக் காரில் அனுப்பிவிட்டு மெக்கானிக் அண்ணாச்சியை வரவழைத்தோம். அவர் பம்பைத் தொடவேயில்லை. ஆயில் அளவுகோலை உருவி எங்கள் முகத்தருகே நீட்டினார்.

“மோந்து பாருங்க தம்பி.”

ஆயிலில் பெட்ரோல் வாடை. அளவும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. டயாபிரம் கிழிந்து, கார்புரேட்டருக்குப் போகவேண்டிய பெட்ரோலில் ஒரு பகுதி எஞ்சினின் அடித்தொட்டிக்கு இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது. அங்கே சேரும் பெட்ரோல் ஆவியோ தீப்பற்றவும் கூடும். வண்டி நின்றுபோனதே நல்லதாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். “பம்பை மட்டும் மாத்திட்டு ஓட்டுனா எஞ்சினு போயிரும்,” என்றார் அண்ணாச்சி. காரைக் கட்டி இழுத்தே ஊர் கொண்டுவந்தோம்.

வீட்டில் விவாதம் எழுந்தது. மின்பம்பு வைத்துவிடலாம் என்பது காக்காவின் கட்சி. உற்பத்தி நின்று 20 ஆண்டுகளுக்கு மேலான வண்டிக்கு உதிரிபாகம் தேடி அலைவானேன் என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் எஞ்சின் நின்றால் பழைய பம்பு தானே நின்றுவிடும். மின்பம்போ, விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும், சாவி திறந்திருக்கும்வரை உடைந்த குழாய் வழியே பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சைப் பொருத்தாமலே மின்பம்பு மாட்டித் தருகிற பட்டறைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். மன்னிக்கத்தக்க சிக்கனம் அன்று அது. பின்னிருக்கையில் அமர்பவர் உம்மா என்றதும் காக்கா இறங்கிவந்தார்.

புதிய டயாபிரம் எதனால் ஆனது என்று விசாரித்தே வாங்கினோம். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. பழைய ரப்பர் அதற்கென உருவானதன்று. ஊறி, இறுகி, வெடிக்கிறது. பம்போடு ரப்பர் குழாய்களையும் மாற்றினோம்.

வேலை என்னவோ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பாட்டரி இணைப்பைக் கழற்றி, டாங்கியிலிருந்து வரும் குழாயை அடைத்துவிட்டு, நட்டுகளைத் தளர்த்தினார் அண்ணாச்சி. பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுப்பதில்தான் பாதி நேரம் போயிற்று. அந்தப் பேக்கிங்கின் கனத்தை அவர் விரலால் நெருடி நெருடிப் பார்த்தார். கனம் மிகுந்தால் நெம்புகோலுக்கு அசைவு குறைந்து பெட்ரோல் ஏறாது. குறைந்தால் டயாபிரம் அளவுக்கு மீறி இழுபட்டு விரைவில் கிழியும். எஞ்சினைச் சற்றே சுழற்றி, நெம்புகோலுக்கு அழுத்தம் இல்லாத நிலையில் நிறுத்தியபின் புதிய பம்பை வைத்து, இரு நட்டுகளையும் மாறி மாறி இறுக்கினார். ஆயிலை முழுதும் வடித்து, வடிகட்டியையும் மாற்றிய பிறகே சாவியைத் தொட அனுமதித்தார். வெறுமையான கிண்ணம் நிரம்பும்வரை ஸ்டார்ட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

புதிய பம்பின் மூடி நிரந்தரமாக அடைக்கப்பட்டது. பிரித்துப் பழுதுபார்க்க இயலாது. பழையதோ திருகாணிகளால் ஆனது. அதற்கு வேறொரு டயாபிரம் போட்டு, துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறோம். இப்போது வெள்ளிதோறும் ஆயில் அளவுகோலை உருவி முகர்ந்து பார்ப்பது காக்காவின் வேலை.